வேம்புலியம்மாளுக்குக் கிடைத்த ஒன்றுகள்

விஜி என்ன வேலை செய்கிறாள் என்பது சேக்காட்டில் அவள் சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. ஓட்டுச் சீட்டு தயார் செய்கிறேன் என்றால், "சீட்டுக் கம்பெனியா? மாசம் எவ்ளோ கட்டணும்?" என்று கேட்ட பெரியப்பா உண்டு. மற்றவர்கள் "எலெக்சன் ஆபீஸ்ல கீறா" என்று சொல்லிவிடுவார்கள். சட்டசபைத் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் யார் ஜெயிப்பார்கள் என்று அவளைத்தான் விசாரிப்பார்கள். அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைகள் வரிசையாக இருக்கும் ஒரு சந்தில், மாடியில் இரண்டு அறைகள். அதுதான் ஜெயராமனின் கம்பெனி. கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் சங்கம், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் என்று அரசாங்கத்தோடு சம்பந்தமில்லாத தேர்தல்களை எல்லாம் அவர்கள் எடுத்து நடத்தினார்கள். அதற்கு முன் விஜி ஆவடி மார்க்கெட்டில் ஒரு கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தாள். பெண் வீட்டாரின் பெயர் மாப்பிள்ளை வீட்டாரின் பெயரைவிட ஒரு நூல் சின்னதாக விழுந்துவிட்டால் என்ன சண்டை வரும் என்று அங்கே அவள் கண்ணால் பார்த்திருந்தாள். பெயர்களைச் சமமாக நிறுத்தத் தெரிந்தவள் என்றுதான் ஜெயராமன் அவளை வேலைக்கு எடுத்தார்.

சாதாரண ஓட்டு என்றால் வேலை சுலபம். பெயர், பக்கத்தில் ஒரு கட்டம். மதிப்பெண் போடும் தேர்தல்தான் பிடுங்கல். அதில் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. நிற்கிற ஒவ்வொருவருக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். கூட்டிப் பார்த்து அதிகம் வாங்கியவர் ஜெயிப்பார். ஒரே தேர்தலுக்குப் போனில் ஒரு வடிவம், பட்டன் பெட்டிக்கு ஒரு வடிவம், ஸ்கேன் மெஷினில் போகும் தாளுக்கு ஒரு வடிவம் என்று அவள் தனித்தனியாகச் செய்ய வேண்டும். போனில் கீழே தள்ளிப் பார்க்காமல் கடைசிப் பெயரை விட்டுவிடுவார்கள். பட்டன் பெட்டியில் ஒருவருக்கு அழுத்தியதும் வேலை முடிந்தது என்று நகர்ந்துவிடுவார்கள். தாளில் மை அடைக்க வேண்டிய வட்டங்கள் கொஞ்சம் விலகினாலும் மெஷின் கண்ணுக்கு எதுவும் தெரியாது. இதையெல்லாம் ஒவ்வொரு தடவையும் அடிபட்டுத்தான் விஜி கற்றுக்கொண்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசியில் திருமுல்லைவாயிலிலிருந்து ஒரு வேலை வந்தது. அங்கே ஒரு நகரில் பாதி புது ஃப்ளாட்டுகள், பாதி பழைய தெரு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே நலச்சங்கம். முந்தைய தேர்தலில் தெருக்காரர்கள் இரண்டு பேர் நின்று ஓட்டைப் பிரித்துக்கொள்ள, கொஞ்ச ஓட்டு வாங்கிய ஃப்ளாட்காரர் ஜெயித்தார். நாற்காலி பறந்தது. போலீஸ் வரை போனது. இனி அப்படி நடக்கக் கூடாது என்று செயலாளர் சரவணக்குமார்தான் மதிப்பெண் முறையைச் சொன்னார். நாமக்கல் பக்கத்திலிருந்து வந்து ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவர். நல்ல மனுஷர். ஃப்ளாட்காரர்கள் போனில் போடலாம், தெருவில் இருப்பவர்கள் சமுதாயக் கூடத்துக்கு வந்து தாளில் போடலாம் என்று முடிவானது.

தலைவர் பதவிக்கு மூன்று பேர் நின்றார்கள். ரிடையர் ஆன தபால் அதிகாரி சின்னசாமி. ஃப்ளாட்டில் குடியிருந்த ரோஹித் என்ற இளைஞன். தெருவிலிருந்து வேம்புலியம்மாள்.

பெயரைச் சரியாக எழுதிக்கொள்ளவும் போட்டோ எடுக்கவும் விஜி வேம்புலியம்மாளின் வீட்டுக்குப் போனாள். அறுபதைத் தொடும் வயது. சின்ன வயதில் இந்தப் பக்கத்து வயல்களில் நாற்று நட்டவர். பிறகு எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்ஷனில் இருபது வருஷம். புருஷன் உலகநாதன் போய்ச் சேர்ந்து நாளாகியிருந்தது. தெருவுக்குத் தண்ணீர் லாரி வராவிட்டால் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்துகொள்வது அவர்தான். பிரசவ வலி என்றால் முதலில் தட்டுகிற கதவு அவருடையதுதான். கொரோனா சமயத்தில் ஃப்ளாட்டில் அடைபட்டுக் கிடந்தவர்களுக்குப் பால் பாக்கெட்டைக் கூடையில் வைத்து வாசல்வரை கொண்டுபோய்க் கொடுத்ததும் அவர்தான்.

"முயுப் பேரும் போடு கண்ணு. சுருக்கி வேம்புன்னு போட்டுடாத. கசப்பா கீதுன்னு எவனும் ஓட்டுப் போட மாட்டான்" என்று சொல்லிவிட்டு அவரே பெரிதாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் விஜி போட்டோ எடுத்துவிட்டாள்.

"எப்டிப் போடணுமாம் ஓட்டு?"

"மூணு பேருக்கும் மார்க்கு போடணும்மா. ரொம்பப் புடிச்சவங்களுக்கு அஞ்சு."

"இஸ்கோலு மாரி" என்றார் வேம்புலியம்மாள். "நானு மூணாவதோட நின்னுட்டேன். இப்பத்தான் மார்க்கு வாங்கப் போறேன்."

தாளை வடிவமைக்க உட்கார்ந்தபோது இடம் போதவில்லை. பெயர்கள் தமிழிலும் இங்கிலீஷிலும் இருக்க வேண்டும், போட்டோ வேண்டும், எல்லாம் ஒரே தாளில் அடங்க வேண்டும் என்று சங்கம் சொல்லியிருந்தது. ஒவ்வொரு வரியிலும் பூஜ்யத்தின் பக்கத்தில் 'பிடிக்கவில்லை', ஐந்தின் பக்கத்தில் 'மிகவும் பிடிக்கும்' என்று போட வேண்டும் என்பது விஜியின் எண்ணம். வார்த்தைகளைப் போட்டால் வட்டங்கள் மெஷின் படிக்கும் இடத்தைவிட்டு நகர்ந்தன.

"மேல ஒரு வரியில போட்டுடு விஜி" என்றார் ஜெயராமன். "அஞ்சுதான் அதிகம்னு யாருக்குத் தெரியாது?"

அவளுக்கும் அது சரியென்றே பட்டது. 'குறைந்த மதிப்பெண் 0, அதிக மதிப்பெண் 5' என்று தாளின் தலையில் போட்டாள். போனில் அந்தப் பிரச்சினையே எழவில்லை. அங்கே எண்களுக்குப் பதில் ஐந்து நட்சத்திரங்கள். சாப்பாடு ஆர்டர் செய்கிறவர்களுக்கு அது பழகிப்போனதுதான்.

மாதிரித் தாளைத் தெருவுக்கு எடுத்துப் போய் நாலு பேரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று விஜி நினைத்திருந்தாள். அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வேம்புலியம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வடிகாலைத் திறக்க வந்த ஜேசிபியின் முன்னால் நின்று வழி சொல்லிக்கொண்டிருப்பதை யாரோ வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். அந்த நிலையில் தாளோடு போய் நிற்க விஜிக்குக் கூச்சமாக இருந்தது. ஆபீசில் இருந்தவர்களிடமே கொடுத்துப் பார்த்தாள். எல்லோரும் சரியாகப் போட்டார்கள்.

தேர்தல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மழை விட்டு வெயில் அடித்தது. வேலைக்குப் போகிறவர்களும் பெண்களும் காலையிலேயே கூடத்துக்கு வந்து வரிசையில் நின்றார்கள். ஸ்கேன் மெஷின் ஒவ்வொரு தாளையும் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டது. விஜி மெஷினுக்குப் பக்கத்திலேயே இருந்தாள். வரிசை குறைந்த பிறகுதான் தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள்.

வாசலில் வேம்புலியம்மாள் காலில் துணிக்கட்டுடன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மழைத் தண்ணீரில் நின்றபோது ஏதோ குத்திவிட்டதாம். பக்கத்து வீட்டு வடிவு ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்து, அவர் தோளில் கை வைத்து, ரகசியம் போல ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"யக்கா, உனக்குத்தான் ஒண்ணு. நீதான் எப்பவும் எங்களுக்கு ஒண்ணாம் நம்பரு."

வேம்புலியம்மாளுக்கு அது காதில் பாராட்டாகத்தான் விழுந்தது. அவர் சிரித்தார். அந்த ஒன்று மெஷினில் முதலிடமாக இல்லை, ஒரே ஒரு மதிப்பெண்ணாகத்தான் சேரும் என்பது விஜிக்கு உறைத்தது.

அவள் உள்ளே ஓடி சரவணக்குமாரிடம் சொன்னாள். அவர் முகம் மாறியது. ஆனாலும், "நாலஞ்சு பேர் அப்படிப் போட்டிருப்பாங்க. இப்ப நிறுத்துனா மறுபடியும் அடிதடிதான் வரும். இனிமே வர்றவங்களுக்கு நீங்களே வாசல்ல நின்னு சொல்லிடுங்க" என்றார். நாலைந்து பேர்தான் என்று நம்ப விஜியும் ஆசைப்பட்டாள். வாசலில் நின்று, "அஞ்சுதாங்க அதிகம், அஞ்சுதாங்க அதிகம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆனால் தெரு ஜனம் முக்கால்வாசி காலையிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தது.

சாயங்காலம் முடிவு வந்தது. சின்னசாமி கொஞ்ச வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். எல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று சரவணக்குமார் முடிவைத் திரையில் போட்டார். யாருக்கு எந்த மதிப்பெண் எத்தனை பேர் போட்டார்கள் என்று வண்ண வண்ணக் கட்டைகள். போன் ஓட்டு ஒரு பக்கம், தாள் ஓட்டு ஒரு பக்கம்.

வேம்புலியம்மாள் முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். "என் பேராண்ட ஒரு பச்சக் கட்ட ஒசரமா நிக்குதே, அது இன்னாதுப்பா?" என்றார்.

சரவணக்குமார் தயங்கினார். "அது... ஒரு மார்க் போட்டவங்கம்மா."

"எந்தப் பக்கம்? ஃப்ளாட்டா?"

"ஃப்ளாட்ல உங்களுக்கு நாலும் அஞ்சுமா நிறைய விழுந்திருக்கும்மா. இது தெருப் பக்கம்."

வேம்புலியம்மாள் அந்தக் கட்டையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலைத் தாங்கித் தாங்கி வீட்டுக்கு நடந்தார். யாரும் கூடப் போகவில்லை.

மறுநாள் ஆபீசில் விஜி ஸ்கேன் செய்த தாள்களைத் திறந்து பார்த்தாள். தெருத் தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே மாதிரி இருந்தன. வேம்புலியம்மாளுக்கு ஒன்று, ரோஹித்துக்கு இரண்டு, சின்னசாமிக்கு மூன்று. சிலவற்றில் இரண்டும் மூன்றும் இடம் மாறியிருந்தன. ஒன்று மட்டும் வேம்புலியம்மாள் பெயரை விட்டு நகரவில்லை. அவர்கள் மதிப்பெண் போடவில்லை. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று வரிசை போட்டிருந்தார்கள். கடைசியில் நிறுத்திய ஆளுக்கு அதிக மதிப்பெண் கொடுத்துவிட்டோம் என்று தெரியாமலே வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

அதை எடுத்துக்கொண்டு சரவணக்குமாரிடம் போனாள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"புரியுதுங்க. நானும் நீங்க சொல்றதத்தான் நம்புறேன். ஆனா அவங்க மனசுல இருந்தது இதுதான்னு நாம எப்படிச் சொல்ல முடியும்? ஒண்ணு போட்டிருக்காங்க. மெஷின் ஒண்ணுன்னு எண்ணியிருக்கு. நின்னவங்க யாராவது புகார் குடுத்தா, போட்டவங்களும் வந்து சொன்னா, மறு தேர்தல் வைக்கலாம்."

விஜி தெருவுக்குப் போனாள். வடிவுதான் முதலில் கண்ணில் பட்டாள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நேத்து நீங்க ஒண்ணு போட்டீங்கள்ல? அத வந்து செயலாளராண்ட சொன்னீங்கன்னா..."

"யாரு சொன்னா? ஒண்ணாம் நம்பருன்னது சும்மா பேச்சுக்கு. நானு அஞ்சுதான் போட்டேன்" என்றாள் வடிவு. அவள் எட்டாவது படித்தவள். தெருவில் மனு எழுதிக் கொடுப்பதும் பாங்கிப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் அவள்தான். "எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சினியா? மேலதான் எயுதியிருந்துச்சே."

அடுத்த வீட்டிலும் அதே பதில்தான். அதற்கடுத்த வீட்டிலும் அதேதான். திரையில் அந்தப் பச்சைக் கட்டையைப் பார்த்த பிறகு, அதில் தன் பங்கும் உண்டு என்று ஒத்துக்கொள்ள ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. தப்பாகப் போட்டவள் என்று சிரிப்பார்கள் என்று சிலருக்கு வெட்கம். வேம்புலியம்மாளைத் தோற்கடித்தவள் என்று ஆகிவிடுமோ என்று சிலருக்குப் பயம். எல்லோரும் ஐந்து போட்டதாகச் சொன்னார்கள். எல்லோரும் ஐந்து போட்டிருந்தால் அந்தக் கட்டை எங்கிருந்து வந்தது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

கடைசியாக வேம்புலியம்மாளிடம் போனாள். அவர் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"எம்மா, அவங்க உங்கள மொதல்லன்னு நெனச்சுதான் ஒண்ணு போட்டாங்க. என் தாள்ல அது ஒயுங்கா புரியல. தப்பு என்னுதும்மா."

"அப்ப வடிவ கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேம்மா. அஞ்சுதான் போட்டேன்னு சொல்றாங்க."

"நானும் கேட்டேன்" என்றார் வேம்புலியம்மாள். "வடிவ கேட்டேன். பின்னாடி ஊட்டுக்காரிய கேட்டேன். ஒவ்வொருத்தியும் என் தலையில கைய வச்சு அஞ்சுன்றா. நான் தூக்கி வளத்த புள்ளைங்க. மூஞ்சிக்கு நேரா பொய் சொல்லுதுங்க. வாசல்ல வடிவு ஒண்ணாம் நம்பருன்னதும் சும்மா வாய்ப்பேச்சுதான். ஃப்ளாட்டுல பேரு கூட தெரியாத ஜனம் எனக்கு நச்சத்திரம் குட்த்துக்கீது. எங்க ஆளுங்க பாத்து, நீ இம்மாந்தான்னு ஒண்ணு போட்டாங்க."

"புகார் குடுங்கம்மா. நான் வந்து சாட்சி சொல்றேன்."

"எனக்கு இன்னும் கொஞ்சம் மார்க்கு போடுங்கன்னு கேக்க சொல்றியா? வேணாம். நீ நல்ல பொண்ணு, அதான் எனக்கோசரம் பொய் சொல்ற. போ, வேலைய பாரு."

ஜெயராமனிடம் விஜி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வாதாடவில்லை. கம்பெனி பெயரில் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி, தாளின் வடிவத்தால் குழப்பம் நேர்ந்திருக்கலாம் என்று சொன்னார். அவர் செய்யக்கூடியது அவ்வளவுதான். புகார் கொடுக்கும் கெடு முடிந்தது. சின்னசாமி பதவி ஏற்றார். துணைத் தலைவராக இருங்கள் என்று அவரே வேம்புலியம்மாள் வீட்டுக்கு வந்து கூப்பிட்டார். வேம்புலியம்மாள் டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் கதவு அநேகமாகச் சாத்தியே இருந்தது. தண்ணீர் லாரி வரவில்லை என்று யாராவது தட்டினால், "புதுத் தலைவரு கீறாரு, அவராண்ட போ" என்பார். அதில் கோபம் இருக்காது. கோபம் இருந்திருந்தால் தெருவுக்கு உண்மையைச் சொல்லத் தைரியம் வந்திருக்கும். பொங்கலுக்கு முன்னால் அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகள் மோகனப்பிரியாவின் வீட்டுக்குப் போய்விட்டார். அது சேக்காட்டில், விஜியின் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விஜி அங்கே போவாள். வேம்புலியம்மாள் அவளை வரவேற்பார், பக்கத்தில் உட்காரவைப்பார், விஜியின் புருஷன் ஜெகன் வேலை பார்க்கும் பட்டறையைப் பற்றி விசாரிப்பார். தேர்தல் பேச்சை எடுத்தால் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். காலில் புண் ஆறவே இல்லை. சர்க்கரை இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "அப்பால பாத்துக்கலாம்" என்பார். தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் ஆட்டோ பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியவர். தனக்கென்று ஓட அவருக்கு மனசில்லை. சித்திரை வெயிலில் புண் காலோடு மேலே ஏறியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நேரம் கடந்திருந்தது.

சாவுக்குத் திருமுல்லைவாயில் தெருவே வந்தது. ஷேர் ஆட்டோவிலும் மினி வேனிலும் வந்து இறங்கினார்கள். ஃப்ளாட்டிலிருந்தும் சிலர் வந்தார்கள். சரவணக்குமார் ஒரு மாலையோடு வந்து ஓரமாக நின்றார். பெண்கள் உடலைச் சுற்றி உட்கார்ந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

வடிவு அழாமல்தான் இருந்தாள். திடீரென்று மார்பில் அடித்துக்கொண்டு உடலின் மேல் விழுந்தாள்.

"யக்கா, நான்தான்க்கா ஒண்ணு போட்டேன். நீதான் மொதல்லன்னுதான்க்கா போட்டேன். தெரியாம போட்டுட்டேன்க்கா. ஏந்து என்ன நாலு அடி அடிக்கா."

சட்டென்று அழுகை நின்று எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு பின்னால் இருந்த ஒருத்தி, "நானுந்தாண்டி வடிவு" என்றாள். சுவர் ஓரமாக இருந்தவளும் தலையில் அடித்துக்கொண்டு, "நானுந்தான்" என்றாள். அந்த வீட்டில் ஒப்பாரிக்குப் பதிலாக அந்த ஒரு வார்த்தையே சுற்றிச் சுற்றி வந்தது.

மோகனப்பிரியா எழுந்து நின்றாள். "இத்த அன்னிக்கே ஒருத்தியாவது வந்து சொல்லிருந்தா இன்னா? ஒருத்தி. ஒரே ஒருத்தி."

உடலை எடுத்துக்கொண்டு போன பிறகு வடிவு விஜியைத் தேடி வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"நீ அன்னிக்கு வந்து கேட்டியே. இப்ப எயுதிக் குட்த்தா மாத்துவாங்களா? யக்கா பேராண்ட அஞ்சுன்னு மாத்திட முடியுமா?"

"முடியாதுக்கா" என்றாள் விஜி.

வடிவு தலையாட்டிவிட்டு வேனில் ஏறிக்கொண்டாள்.

நலச்சங்கம் அடுத்த தேர்தலில் மதிப்பெண் முறையைக் கைவிட்டு, ஆளுக்கு ஒரு ஓட்டு என்ற பழைய முறைக்கே திரும்பிவிட்டது. சரவணக்குமார் அதற்கு முன்பே செயலாளர் பதவியை விட்டுவிட்டார். விஜி இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறாள். மதிப்பெண் தாள் வந்தால் இப்போது பெரிய தாளாகக் கேட்கிறாள். வட்டங்களுக்கு மேல் வார்த்தைகள் இல்லாமல் எதையும் அச்சுக்கு அனுப்புவதில்லை. மாதிரித் தாளை ஓட்டுப் போடப்போகிறவர்களிடமே கொண்டுபோய்க் கொடுத்து, அவர்கள் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறாள். மழையோ வெயிலோ போய்விடுகிறாள்.

வேம்புலியம்மாளின் காரியம் முடிந்த மறுவாரம் மோகனப்பிரியா விஜியின் வீட்டுக்கு வந்திருந்தாள். கிளம்பும்போதுதான் சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில கடைசியா அம்மா என்னாண்ட ஒண்ணு கேட்டுச்சுக்கா. அந்த ஓட்டுச் சீட்டுப் பொண்ணு சொல்லிகினே இருந்துச்சே, அது நெசமா இருக்குமாடின்னு."

"நீ இன்னா சொன்ன?"

"எனக்கு இன்னாக்கா தெரியும்? தெரியலம்மான்னுட்டேன்."

விஜி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.